அவள் சேர்த்த வரி

"சர்க்கரை போதுங்களா ஐயா?" என்று எப்சிபா கேட்டாள்.

தமிழ்மணி காபியைத் தொடவே இல்லை. சட்டைப்பையிலிருந்து சம்மனை எடுத்து டீப்பாயின் மேல் விரித்து, சுருக்கம் போக உள்ளங்கையால் தேய்த்தார்.

"வர்ற பதினாலாந்தேதி. விழுப்புரம் கோர்ட்டு. பத்து மணிக்கு அங்க இருக்கணும். கார் அனுப்புறேன், நீங்க பஸ்ஸுல அலையவேணாம் பாஸ்டரம்மா."

"நான் எதுக்குங்க ஐயா..."

"ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நம்ம வக்கீலு அந்தக் காயிதத்தக் காட்டுவாரு. உங்க கையெழுத்துதானான்னு கேப்பாரு. ஆமாம்னுடுங்க. அந்தப் பொண்ணு தானா மனசு வந்து சொன்னதத்தான் எழுதினேன்னு சொல்லுங்க. அவ்ளோதான். எறங்கி வந்துடலாம்."

ஜன்னலோரம் நின்றிருந்த பாஸ்டர் செல்வகுமார் திரும்பாமலே, "கர்த்தருக்குச் சித்தமானா எல்லாம் நல்லபடியா முடியும்" என்றார்.

"முடிஞ்சாவணும் பாஸ்டர்" என்றார் தமிழ்மணி. "சபைப் பேரு கோர்ட்டுல கெடந்து நாறிக்கினு இருக்குது. ஒன்றரை வருஷமா எனக்கு ஒரே பேஜாரு."

அவர் எழுந்து போன பிறகு கேட்டின் கொக்கி விழும் சத்தம் கேட்டது. அந்தக் கேட்டும், அதற்குள் இருக்கும் வீடும், வீட்டுக்கு முன்னால் தகரக் கூரை போட்ட ஆலயமும் நிற்கிற ஏழு சென்ட் இடம் தமிழ்மணி கொடுத்தது. திண்டிவனத்தில் செல்வகுமார் ஊழியம் தொடங்கிய காலத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு கடை மாடியில் பன்னிரண்டு பேரை வைத்து ஜெபம் நடத்திக்கொண்டிருந்தபோது, அவர்தான் முன்வந்து எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு சபையின் மூப்பர் என்றால் அவர்தான். அவருடைய கடைசி மகன் வல்லரசு ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிப்பான். வல்லரசின் மனைவி கலைப்பிரியாதான் கோர்ட்டில் வழக்குப் போட்டிருப்பவள். எப்சிபா சாட்சி சொல்லப் போவது அந்த வழக்கில்தான், வல்லரசின் பக்கத்துச் சாட்சியாக.

ஆடை கட்டிப்போயிருந்த காபியை எப்சிபா எடுத்துப்போய்த் தொட்டியில் ஊற்றினாள்.

"ஏங்க, நான் போய் அங்க பொய் சொல்லணுமா?"

"பொய்னு யாரு சொன்னது?" என்றார் செல்வகுமார். "எழுதினது நீ. கையெழுத்துப் போட்டது அவ. ரெண்டும் உண்மைதானே?"

ரெண்டும் உண்மைதான். அதுதான் அவளை வதைத்தது.

*

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கலைப்பிரியா வந்தாள். அது மூன்றாவது தடவை. முதல் தடவை வந்தபோது கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. இரண்டாவது தடவை உதடு கிழிந்திருந்தது. இரண்டு தடவையும் எப்சிபா அவளைப் பக்கத்தில் முழங்கால் போடவைத்து ஜெபித்து, "பொறுத்துக்கோ கண்ணு, ஜெபத்தால மாறாத ஆம்பளை இல்ல" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். தன்னிடம் வந்த எல்லாப் பெண்களிடமும் அவள் சொன்னது இதைத்தான். கெடாரில் வாத்தியார் மகளாகப் பிறந்து, இருபத்திரண்டு வயதில் ஊழியக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளிடம், மூத்த பாஸ்டரம்மாக்கள் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான். குடும்பம் உடைந்தால் சபைக்கு இடறல். பெண் பொறுத்தால் வீடு நிலைக்கும்.

மூன்றாவது தடவை கலைப்பிரியா எதுவும் பேசவில்லை. படுக்கையறைக்குள் போய்த் திரும்பி நின்று ரவிக்கையைக் கழற்றினாள். முதுகில் பெல்ட் விழுந்த தடங்கள். சில கறுத்திருந்தன, சில இன்னும் சிவந்திருந்தன. பெல்ட்டின் இரும்புக் கொக்கி பட்ட இடத்தில் தோல் பெயர்ந்திருந்தது. எப்சிபா கதவைச் சாத்திவிட்டு, கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, விரலால் தொட்டுத் தொட்டுத் தடவினாள். தடவும்போது அழுதாள். அது பொய்யில்லை.

தயிர்சாதம் தட்டில் போட்டுக் கொடுத்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தமிழ்மணியிடமிருந்து போன் வந்தது.

"அங்கதான் இருக்குதா? சரி. சாயங்காலம் வந்து கூட்டிக்கினு போறோம். எதுக்கும் அதுங்கிட்ட ஒண்ணு எழுதி வாங்கி வைங்க பாஸ்டரம்மா. நாளைக்கி போலீசு கீலீசுன்னு போவக்கூடாது."

அவ்வளவுதான் அவர் சொன்னது. என்ன எழுதவேண்டும் என்று சொல்லவில்லை.

எப்சிபா ஒரு கோடுபோட்ட தாளை எடுத்தாள். சபையில் எந்தக் கடிதமானாலும் அவள்தான் எழுதுவாள். ஞாயிறுதோறும் கரும்பலகையில் வசனம் எழுதுவதும் அவள்தான். அச்சடித்ததைப் போன்ற எழுத்து. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று தொடங்கினாள். எனக்கும் என் கணவருக்கும் ஏற்பட்ட மனஸ்தாபத்துக்கு என்னுடைய கீழ்ப்படியாமையே காரணம். இனிமேல் அவர் மனம் கோணாமல் நடந்துகொள்வேன். என் சொந்த விருப்பத்தின்பேரில் வீடு திரும்புகிறேன்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தாள். ஏதோ குறைந்தது. இந்தப் பெண் கோபத்தில் நாளைக்கு எங்கேயாவது போய் நின்றால் இவ்வளவு போதாது என்று தோன்றியது. ஒரு கணம் யோசித்துவிட்டு, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்கு மேலே இன்னும் ஒரு வரி சேர்த்தாள்: என் கணவரோ அவர் குடும்பத்தாரோ ஒருநாளும் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை.

விரலில் மிச்சமிருந்த எண்ணெய் பட்டுத் தாளின் ஓரம் கண்ணாடியாகத் தெரிந்தது.

கலைப்பிரியா அந்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள். "பாஸ்டரம்மா, இது..."

"எழுதறதுக்குத்தான் கண்ணு. சும்மா ஒரு பார்மாலிட்டி. நாளைக்கி அவன் திருந்திட்டான்னா இந்தக் காயிதத்த யாரு பாக்கப்போறாங்க?"

கலைப்பிரியா கையெழுத்துப் போட்டாள். எப்சிபா அவள் தலையில் கைவைத்து ஜெபித்தாள். ஒரு குடும்பத்தைக் கட்டிவைத்த திருப்தியோடு அன்று சாயங்காலம் அவளைக் காரில் ஏற்றிவிட்டாள்.

பத்தொன்பது நாள் கழித்து வல்லரசு அவள் தலையைப் பிடித்து நிலைக்கதவில் மோதினான். இடது காதிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தாள். உயிர் பிழைத்தது, காது போனது போனதுதான். அவளுடைய அம்மா செண்பகம் போலீசுக்குப் போனபோது, தமிழ்மணி ஸ்டேஷனில் முதலில் நீட்டியது அந்தக் கடிதத்தின் ஜெராக்ஸைத்தான்.

அதற்குப் பிறகு எப்சிபா மூன்று நாள் உபவாசமிருந்தாள். முழங்காலில் நின்று அறிக்கை செய்தாள். மூன்றாம் நாள் மனசு லேசானது போலிருந்தது. கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று எழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. சபைக் கமிட்டியில் வேண்டாம் என்றார்கள். அவளும் சரியென்று இருந்துவிட்டாள். யாராவது கேட்டால் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். "ஐயா எழுதி வாங்கச் சொன்னாரு, நான் எழுதினேன்." சொல்லிச் சொல்லி அது அவளுக்கே உண்மையாகியிருந்தது.

*

சம்மன் வந்த இரண்டாம் நாள் அவள் புதுச்சேரி பஸ் ஏறிக் கிளியனூரில் இறங்கினாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். பஸ்ஸில் வழி முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனாள்.

செண்பகம் வாசலில் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். சபைக் கட்டடம் எழும்பிய காலத்தில் கூலி வாங்காமல் மண் சுமந்தவள் அவள். எப்சிபாவைக் கண்டதும் வாங்க என்று சொல்லவில்லை.

"இன்னா விஷயம்?"

"பிரியாவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்மா."

"ஒன்றரை வருஷம் வழி தெரியலையா?"

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எப்சிபா போய்க் கலைப்பிரியாவின் இடப்பக்கம் நின்று, "பிரியா" என்றாள். மெஷின் நிற்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள்.

"உக்காருங்க" என்றாள் கலைப்பிரியா. இளைத்திருந்தாள். குரல் மட்டும் முன்னைவிடச் சத்தமாக இருந்தது.

"நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன் பிரியா. அன்னிக்கி உன்ன அனுப்பியிருக்கக்கூடாது. ஆனா அன்னிக்கி எனக்கு வேற வழி தெரியல. சபையோட நிலைமை, இடம் அவங்களுது, பாஸ்டரும் ஊர்ல இல்ல... உன் குடும்பம் நல்லா இருக்கணும்னுதான் நான்..."

"யாருக்கு மன்னிப்புக் கேக்கறீங்க பாஸ்டரம்மா?" என்று கலைப்பிரியா குறுக்கிட்டாள். "எல்லாம் மத்தவங்க பண்ண மாதிரிதானே சொல்றீங்க."

கலைப்பிரியா துணியைத் திருப்பி நூலை அறுத்தாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். அந்தக் காயிதத்துல கடைசியா ஒரு வரி இருக்குது பாருங்க, யாரும் கைநீட்டலன்னு. அத யாரு போடச் சொன்னது?"

எப்சிபாவின் நாக்கு அவளை முந்திக்கொண்டது. "ஐயாதான். போன்ல சொன்னாரு. அப்படியே எழுதணும்னு..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டாள். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், பாதிக்கப்பட்டவளின் முகத்துக்கு நேராக.

கலைப்பிரியா தலையாட்டினாள். "எங்க வக்கீலும் அப்படித்தான் இருக்கும்னாரு. அத நீங்க கோர்ட்டுல சொன்னீங்கன்னா அந்த ஆளயும் கேஸுல சேக்கலாமாம். சொல்லுவீங்களா?"

எப்சிபா பதில் சொல்வதற்குள் செண்பகம் வாசற்படியில் வந்து நின்றாள். "வந்தீங்க, சொன்னீங்க. பஸ்ஸு வர்ற நேரம், கெளம்புங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஏதேன் தோட்டத்துக் கதையை அவள் நடித்துக் காட்டுவாள். விலக்கின பழத்தை ஏன் தின்றாய் என்று கர்த்தர் கேட்டால் ஆதாம் ஏவாளைக் காட்டுவான், ஏவாள் பாம்பைக் காட்டுவாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் விரலால் காட்டிக்காட்டிச் சிரிப்பார்கள். இருபது வருஷமாக அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

தமிழ்மணி நல்லவரில்லை. மகன் செய்வதெல்லாம் தெரிந்தே மூடியவர். அவர் தலையில் இதையும் சேர்த்து வைத்தால் யாரும் அழப்போவதில்லை. கலைப்பிரியாவுக்குக்கூட அது லாபம். இருந்தும் அந்த வரி அவருடையது இல்லை. காயத்துக்கு மருந்து போட்ட அதே கையால், அந்த எண்ணெய் காய்வதற்குள் எழுதப்பட்ட வரி அது. அதை அவள் அறிவாள். வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்பதுதான் அவளை உறங்கவிடாத விஷயமாக இருந்தது.

*

"நான் அங்க போய் உண்மையைச் சொல்லிடப்போறேன்" என்று செல்வகுமாரிடம் சொன்னாள். அவர் பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன உண்மை?"

"முதுகைப் பாத்தேன்னு. பாத்துட்டே அப்படி எழுதினேன்னு."

பேனாவை மூடி வைத்தார். "எப்சி, நீ கர்த்தர்கிட்ட அறிக்கை பண்ணிட்டியா இல்லையா?"

"பண்ணேன்."

"அவர் மன்னிச்சாரா?"

"மன்னிச்சாரு."

"மன்னிச்சத அவர் நினைக்கறதில்ல. நீ ஏன் தோண்டி எடுக்கற? இது தாழ்மை இல்ல, பெருமை."

"அவர் நினைக்காம இருக்கலாங்க. அந்தக் காயிதம் கோர்ட்டுல இருக்குதே. அவ பொய் சொல்றான்னு என் எழுத்து அங்க தினம் சாட்சி சொல்லிக்கினு இருக்குதே."

அவர் எழுந்து அறைக்குள்ளேயே நடந்தார். "சரி, சொல்லு. ஐயா கட்டாயப்படுத்தினாருன்னு மட்டும் சொல்லிடாத. அவரைப் பகைச்சுக்கிட்டு நாம எங்க போறது? இந்த வயசுல திரும்பவும் கடை மாடியா?"

"அவர் கட்டாயப்படுத்தல. எழுதி வாங்குன்னாரு. அந்த வரிய நானாத்தான் போட்டேன்."

செல்வகுமார் நின்றுவிட்டார். அவருக்கும் அது அன்றுதான் தெரிந்தது.

"நீயாவா?"

"நானாவேதான்."

"அப்ப அத யாருகிட்டயும் சொல்லாத" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "அது உன்னையே மாட்டிவிட்டுடும் எப்சி."

இருபத்தைந்து வருஷம் பிரசங்க மேடையில் கேட்ட குரல் இல்லை அது. இந்த மனிதர் பக்தியினால் அல்ல, பயத்தினால் பேசுகிறார் என்று அவளுக்கு முதல்முறையாகப் பட்டது. கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

"மாட்டட்டுங்க" என்றாள்.

*

பதினாலாம் தேதி கார் வந்து வாசலில் நின்றபோது அவள் ஏற்கெனவே விழுப்புரம் பஸ்ஸில் ஏறியிருந்தாள்.

கோர்ட்டு வராந்தாவில் கூட்டம் நெரிந்தது. டவாலி அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். கூண்டில் ஏறியபோது எதிரே முதல் பெஞ்சில் தமிழ்மணி, அவர் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் வல்லரசு. சுவரோரம் செண்பகமும் கலைப்பிரியாவும் நின்றிருந்தார்கள். மாஜிஸ்திரேட் ஒரு பெண். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வல்லரசின் வக்கீல் கடிதத்தை நீட்டினார். "இது யாருடைய கையெழுத்தும்மா?"

"எழுதினது நான். கீழ கையெழுத்துப் போட்டது கலைப்பிரியா."

"அந்தப் பெண் தன் விருப்பத்தின்பேரில் சொன்னதை நீங்கள் எழுதினீர்கள். சரிதானே?"

"இல்லைங்க."

வக்கீல் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்திருந்தார்.

"அவ எதுவும் சொல்லல. எல்லாம் நானே எழுதினேன். அவள யாரும் அடிச்சதில்லன்னு அதுல இருக்கறது பொய்."

பெஞ்சில் யாரோ செருப்பை உரசினார்கள். வக்கீல் இந்தச் சாட்சி தங்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டார் என்று படபடவென்று சொன்னார். மாஜிஸ்திரேட் கண்ணாடியை இறக்கிவிட்டு எப்சிபாவைப் பார்த்தார். "பொய் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவ முதுகப் பாத்தேங்கம்மா. பெல்ட்டால அடிச்ச தடம். எண்ணெய் தடவிவிட்டேன். தடவிட்டு வந்துதான் எழுதினேன்."

கலைப்பிரியாவுக்காக வந்த அரசு வக்கீல் சட்டென்று எழுந்தார். இப்படி ஒரு வாய்ப்பு அவர் எதிர்பாராதது. "அம்மா, நீங்க பயப்படவேணாம். அப்படி எழுதச் சொல்லி உங்களை யாராவது மிரட்டினாங்களா? மாமனார் தமிழ்மணி அந்த வரியைச் சேர்க்கச் சொன்னாரா?"

அறை முழுவதும் அவளைப் பார்த்தது. சுவரோரத்தில் கலைப்பிரியா வலது காதை முன்னால் நீட்டி நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. கலைப்பிரியா விரும்புவதும் அதுதான். பாதிக்கப்பட்டவளுக்கு நன்மை செய்கிற பொய் ஒன்று, கழுவிவைத்த தட்டில் வைத்து நீட்டப்பட்டது போல் இருந்தது அவளுக்கு.

"ஒண்ணு எழுதி வாங்குங்கன்னு அவர் போன்ல சொன்னது நிஜம். போலீசுக்குப் போவக்கூடாதுன்னும் சொன்னாரு. ஆனா அந்த வரிய அவர் சொல்லல. யாரும் சொல்லல. நானாத்தான் சேத்தேன்."

"ஏன் சேர்த்தீங்க?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கோத்து வைத்திருந்த வார்த்தை எதுவும் இல்லை.

"அவ திரும்பி வந்து நிக்கக்கூடாதுன்னு" என்றாள். "எனக்குத் தொந்தரவா இருந்துச்சு. மூணாவது தடவ வந்திருந்தா."

மாஜிஸ்திரேட் பேனாவை மேஜைமேல் வைத்தார். "நீங்கள் சொல்வது உங்கள்மேலேயே நடவடிக்கை வரக்கூடிய விஷயம். தெரிந்துதான் சொல்கிறீர்களா?"

"தெரிஞ்சுதாங்கம்மா."

வெளியே வந்தபோது தமிழ்மணி படியில் நின்றிருந்தார். பாஸ்டரம்மா என்று கூப்பிடவில்லை. "இடம் குடுத்தவன் நான். ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். முதல்முறையாக ஒருமையில் பேசினார். வல்லரசு அவளைக் கடந்து போய்க் காரில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினான்.

வேப்பமரத்தடியில் கலைப்பிரியா தனியாக நின்றாள். எப்சிபா அவளுடைய வலப்பக்கமாகப் போய் நின்றாள்.

"அன்னிக்கி எங்க வூட்டுக்கு வந்து பொய் சொன்னீங்க" என்றாள் கலைப்பிரியா.

"ஆமா."

"எனக்குத் தொந்தரவா இருந்துச்சுன்னு அங்க சொன்னீங்களே. அது?"

"அது நிஜம்."

"மன்னிச்சுட்டேன்னு என்னால சொல்ல முடியல பாஸ்டரம்மா. சொன்னா அதுவும் பொய்யாயிடும்."

"சொல்லவேணாம்மா" என்றாள் எப்சிபா.

செண்பகம் வந்து மகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். போகும்போது செண்பகம் எப்சிபாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றியும் இல்லை, பகையும் இல்லை.

*

கமிட்டி அந்த வாரமே கூடியது. மாதத்தின் முதல் ஞாயிறு, இராப்போஜன ஆராதனைக்கு முன்னால் செல்வகுமார் தீர்மானத்தை வாசித்தார். சபைக்கு இடறல் உண்டாக்கிய காரணத்தினால் சகோதரி எப்சிபா மனந்திரும்பும்வரை அப்பத்திலும் திராட்சரசத்திலும் பங்குபெறக் கூடாது. ஞாயிறு பள்ளியும் பெண்கள் ஐக்கியமும் நடத்தக் கூடாது. வாசிக்கும்போது அவர் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜாமீனில் இருந்த வல்லரசு கீபோர்டில் மெதுவாக ராகம் வாசித்துக்கொண்டிருந்தான். தீர்ப்பு வருமுன் ஒரு சகோதரனைக் குற்றவாளி என்று நினைப்பது பாவம் என்று கமிட்டி அதே கூட்டத்தில் முடிவு செய்திருந்தது. அப்பத் தட்டு அவனிடம் போனது. அவன் வாசிப்பை நிறுத்திவிட்டு ஒரு கையால் அப்பத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தான். எப்சிபாவின் வரிசைக்கு வந்தபோது தட்டு அவளைத் தாண்டிப் பக்கத்துப் பெண்ணிடம் போனது.

அவள் அழவில்லை. எழுந்து வெளியே போகவும் இல்லை. ஆராதனை முடிகிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, பக்கவாட்டுக் குழாயடியில் முகம் கழுவப் போனாள்.

பின்னால் யாரோ வந்து நின்றார்கள். அஸ்வினி. நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். அவள் புருஷன் ஆலய வாசலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்துவான்.

"பாஸ்டரம்மா, கோர்ட்டுல சொன்னது நிஜமா? நீங்களே எழுதினேன்னு?"

"ஆமாம்மா."

அஸ்வினி வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். "எனக்கும் ஒண்ணு எழுதினீங்க."

எப்சிபாவுக்குப் புரியவில்லை.

"நாலு வருஷம் ஆவுது. உங்க வூட்டு மேஜைல உக்காந்துதான் எழுதினீங்க. ஞாபகம் இல்லையா?"

எப்சிபா தேடிப் பார்த்தாள். அஸ்வினியின் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் கட்டியிருந்த மாம்பழக் கலர் புடவையும் வந்தது. கடிதம் வரவில்லை. ஞாபகம் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லம்மா" என்றாள். "என்ன எழுதினேன்?"

அஸ்வினி தரையைப் பார்த்தபடி, வசனப் போட்டியில் பிள்ளைகள் ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னாள். "குழாயடியில் பாசி வழுக்கி விழுந்ததால் என் வலது கை முறிந்தது. இதற்கு யாரும் காரணமில்லை. யார் தூண்டுதலும் இல்லாமல் இதை எழுதிக் கொடுக்கிறேன்." ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. சொல்லிவிட்டு, "எங்க மாமியாரு பீரோல வெச்சுப் பூட்டிக்கினு இருக்காங்க. போலீசுக்குப் போனா இதக் காட்டுவோம்னு சொல்றாங்க" என்றாள்.

"இப்பவும் அடிக்கிறானா?"

அஸ்வினி பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமலிருப்பதை எப்சிபா இதற்கு முன் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் ஜெபிக்கலாம் என்று கையைப் பிடிப்பாள்.

"வா" என்றாள்.

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு. மகளிர் ஸ்டேஷன் பக்கத்துலதானே. நடந்தே போயிடலாம்."

"இப்பவேவா? அவரு வாசல்லதான் நிக்கிறாரு..."

"நிக்கட்டும்."

ஆலயத்திலிருந்து கலைந்த கூட்டம் இன்னும் வாசலில் நின்றிருந்தது. செல்வகுமார் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் அந்தக் கூட்டத்தின் நடுவாகவே நடந்தார்கள். எப்சி என்று ஒரு தடவை கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை.

ஸ்டேஷனில் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புகார் எழுதுகிற பெண் போலீஸ் அஸ்வினியை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றுகொண்டிருந்த எப்சிபாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க இந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும்? அம்மாவா?"

"இல்லைங்க" என்றாள் எப்சிபா. "இவளுக்கு எதிரா எழுதிக் குடுத்தவ."

நாற்காலியை இழுத்துப் போட்டு அஸ்வினியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.